இருபத்திரண்டு தையல்

நர்ஸ் ஹோல்ட் கத்தரிக்கோலை எடுத்ததும் ஹெட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேணாம் நர்ஸம்மா. மே மாசந்தான் பிரிக்கணும்னு அம்மா சொல்லியிருக்கா."

அப்போது பிப்ரவரி, 1909. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலைத் தெருப் பள்ளிக்கூடம். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒன்பது பேரை வீட்டில் குளிருக்காகத் தைத்து அனுப்பியிருந்தார்கள். நெஞ்சில் வாத்துக் கொழுப்பு, மேலே பழுப்புத் தாள், அதன்மேல் கம்பளிச் சட்டை. முதுகுப் பக்கம் ஊசி நூலால் மூட்டிவிடுவார்கள். குளிர் போனால்தான் பிரிப்பது.

பள்ளிக்கூடத்துக்கே டாக்டர் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. துணிக்கு மேலே குழாய் வைத்துக் கேட்க மாட்டேன், நெஞ்சைத் திறந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வகுப்பு டீச்சர் மிஸ் கிளெக் நர்ஸைத் தனியே கூப்பிட்டு, ஹெட்டியை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். போன வருஷம் இதே மாதம் ஹெட்டியின் அக்காவுக்குச் சட்டையைப் பாதியில் பிரித்து மாற்றினார்கள். நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி அவள் செத்துப்போனாள். இவளுடைய தையலை யாராவது தொட்டால் அன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவேன் என்று தாய் மிசஸ் ஆக்டன் நேரில் வந்து சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். தையலை எண்ணியும் வைத்திருந்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் நர்ஸ்.

வெட்டினாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே, ஒவ்வொன்றாக வெட்டினாள். ஹெட்டி அழுதாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று மிஸ் கிளெக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தம் என்று சீட்டில் எழுதினார். மதியம் வண்டியேறிப் போனார்.

பிள்ளைகள் கோட்டு மாட்டும் அறையிலிருந்து நர்ஸின் குரல் மிஸ் கிளெக்கைக் கூப்பிட்டது.

"ஏம்மா, சும்மாதானே நிக்கிறே? இந்த ஊசியில நூல் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல."

எட்டுப் பேருக்குத் திரும்பத் தைத்து முடித்திருந்தாள். ஹெட்டி கடைசி. நர்ஸ் தன் பையிலிருந்து கொழுப்பு டப்பாவை எடுத்துத் தடவினாள். தாளைச் சுற்றினாள். பழைய ஓட்டைகளிலேயே ஊசி இறங்கியது. இருபத்திரண்டு வந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

"வீட்டுல என்ன சொல்லுவே?"

"டாக்டர் நாக்க மட்டும் பாத்தாருன்னு சொல்லுவேன்."

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே மிசஸ் ஆக்டன் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். ஆலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள்.

"எண்ணிப் பாத்தேன் டீச்சர். இருபத்திரண்டு. சரியா இருக்கு."

"யாரும் தொடலைங்க" என்றாள் மிஸ் கிளெக். வாழ்க்கையில் அவள் சொன்ன மூன்றாவது பொய் அது.

மிசஸ் ஆக்டன் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் இடது கைக்காரி. என் தையல் இந்தப் பக்கம் சாயாது. அத விடுங்க, நர்ஸம்மாகிட்டயும் சொல்லிக்க வேணாம்." அவள் குரல் இறங்கியது. "புள்ள நெஞ்சுல டாக்டருக்கு என்ன கேட்டுச்சாம்?"