இருளப்பனின் ஐடி

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்த இருளப்பனின் போன் கான்கிரீட்டோடு போய்விட்டது என்று மேஸ்திரி சத்தியம் செய்திருந்தார். இற்றுப்போன சாரக்கயிற்றை அவன் அன்று காலையில் வீடியோ எடுத்து வைத்திருந்த போன்.

இருளப்பனும் மாயாண்டியும் ஒரே ஐடியில்தான் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். ஒருத்தன் உள்ளே போனால் மற்றவனை வெளியே தள்ளிவிடும். இன்று சாப்பாட்டு நேரத்தில் மாயாண்டியைத் தள்ளியது. ‘இந்த ஐடி வேறொரு போனில் திறந்திருக்கிறது.’

“நெட்டு படுத்துருச்சு, அணைச்சுப் போடுடா” என்றான் பக்கத்திலிருந்த சுடலை.

மாயாண்டி மறுபடி உள்ளே போனான்.

“சனியன், வெளிய தள்ளுது!” சிமெண்டு குடோனுக்குள் மேஸ்திரியின் குரல்.

இன்னொரு தடவை போனான். உள்ளே கெட்ட வார்த்தை விழுந்தது.

மாயாண்டி எச்சில் கையோடு ஓடி, குடோனை வெளித்தாழ்ப்பாள் போட்டான்.

“எல்லாரும் வாங்கடா! போன் உள்ளதான் இருக்கு. மேஸ்திரியும் இருக்கான்.”