மனைவியைத் தூக்கி ஓடும் போட்டி

விசில் ஊதியாயிற்று. என் வீட்டுக்காரர் என்னை இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னைத் தூக்குவது இதுதான் முதல் தடவை.

மகாபலிபுரம் போகும் ரோட்டில், கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட். சிறுசேரியில் அவர் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசராக இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியின் ஃபேமிலி டே. மனைவியைத் தூக்கிக்கொண்டு, மணலில் நட்டிருக்கும் சிவப்புக் கொடி வரை ஓட வேண்டும். ஆறு ஜோடி.

போட்டிக்கு நம்ம பேரையும் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னார். கரும்பு தின்னக் கூலியா? தலையாட்டினேன்.

போன மூன்று வருஷமும் இந்த விழாவுக்குப் பிள்ளைகளை மட்டும்தான் அழைத்துப் போனார். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள், உனக்குப் பேஜாராக இருக்கும் என்பார். இங்கிலீஷ் ஒரு சாக்கு. தொண்ணூற்று இரண்டு கிலோவை யாரிடம் காட்டுவது என்பதுதான் விஷயம். சாயங்காலம் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய கேக் துண்டு ஒன்று எனக்கு வந்து சேரும். "இந்தா, இத்தயும் துன்னு" என்று நீட்டுவார். நானும் தின்பேன்.

கல்யாண வீடுகளுக்குப் போனால் பத்தடி முன்னால் நடப்பார். 'ரோடு ரோலர்' என்று எனக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வேறென்ன செய்வது.

இப்போது எழுபது கிலோ. ஐந்தே மாதத்தில்.

நெல் மூட்டை ஒன்று எழுபத்தைந்து கிலோ. திருப்போரூர் பக்கத்துக் கழனியில் மூட்டை சுமந்து வளர்ந்த மனுஷனுக்கு நான் இனி ஒரு சுமையே இல்லை.

இளைக்க ஆரம்பித்ததும் சுகராக இருக்கும் என்றார்கள். டெஸ்ட் எடுத்தால் சுகரும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "இன்னாடி ஜோதி, பாதியா பூட்ட! சுகர் வந்தா எளைக்கும், வுடு, உனக்கு நல்லதாப் போச்சு" என்றாள். ஊரே சந்தோஷப்பட்டது. அதிகம் சந்தோஷப்பட்டவர் இவர்தான். கடைத்தெருவில் என்னோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். ஒரு நாள் பட்டப்பகலில், கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில், அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்து ஏற்றினார். நான் அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

ஓரமாக நின்று கைதட்டும் பெண்களில் மேனேஜரின் மனைவி ஸ்ரீதேவியும் இருக்கிறார். காலையில் என் கன்னத்தைத் தொட்டு, என்ன கலர், மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறீர்களா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பொய்யில்லை. மூன்று வாரமாக முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள் பூசித்தான் குளிக்கிறேன். காமாலையை மறைக்க மஞ்சளைப் போல வேறொன்று கிடையாது. கண்ணை மறைக்க இன்றைக்குக் கூலிங் கிளாஸ். வீட்டில் அதுகூடத் தேவைப்படவில்லை. இவர் இப்போதெல்லாம் என் இடுப்பைத்தான் பார்க்கிறார்.

மல்லாந்து கிடப்பதுதான் கஷ்டம். அவர் ஓடும் ஒவ்வொரு அடிக்கும் வயிற்றிலிருந்து முதுகு வரை கடப்பாரை இறங்குகிறது. சிரித்துக்கொண்டே இருக்கிறேன். மகள் அனு போட்டோ எடுக்கிறாள்.

கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் கட்டி, கேன்சர் என்றார். எதனால் வந்தது என்று கேட்டேன். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இத்தனை வருஷம் இருந்த எடையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எடை அழைத்துக்கொண்டு வந்த நோய், வந்த கையோடு எடையைத்தான் தின்றிருக்கிறது. அதற்குத்தான் இத்தனை பாராட்டு.

வீட்டுக்காரரை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். ஊரில் இல்லை என்றேன்.

இவருடைய நெஞ்சு என் காதோரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. சட்டையில் வியர்வையும் சென்ட்டும் கலந்த வாசனை. பாவி மனுஷன், இந்த ஆள்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று இவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவதாக வருகிறோம். முதலில் வந்த பையனுக்குப் போன மாதம்தான் கல்யாணம். அந்தப் பெண் நாற்பது கிலோ தேறமாட்டாள்.

என்னை இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிறார். அப்படியே, எல்லார் முன்னாலும், என் தோளில் கை போடுகிறார்.

"இன்னும் ஒரு அஞ்சு கிலோ கொறச்சிடு ஜோதி. அடுத்த வருஷம் நாமதான் ஃபர்ஸ்ட்டு."

"கொறஞ்சிடும்ங்க" என்கிறேன்.

இப்போதே போனால் கட்டியை எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் கைமீறிவிடும் என்று சொல்லி, மறுநாளே சென்னையில் அட்மிட் ஆகும்படி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அது நடந்து இன்றோடு இருபத்து மூன்று நாள்.

வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, அது முடிந்ததும் வருகிறேன் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.