கோச் சொன்னாராம்

“ஏட்டி ஸ்வீட்டி, முட்டையைத் தின்னுட்டுப் போ” என்றார் இன்னாசிமுத்து.

“ச்சே, நாறுது.”

“உன் கபடி கோச் போன் பண்ணாருட்டி. தினம் ரெண்டு முட்டை திங்கணுமாம்” என்றாள் அம்மா லூர்து மேரி.

கண் மூடித் திறப்பதற்குள் தட்டு காலி.

இன்னாசிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. தாராவி சந்தெல்லாம் தோளில் தூக்கிச் சுமந்த அப்பன் சொன்னால் நாறுகிறது, எவனோ சொன்னால் மணக்கிறதா?

மகள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் மனைவியிடம் பாய்ந்தார். “அந்தாளு நம்பரைக் குடு. இந்த வீட்டுல யாரு அப்பன்னு இன்னைக்குக் கேட்டுருதேன்.”

“அவரு நாக்பூருக்கு மாறிப் போய் ஆறு மாசம் ஆச்சு. அங்கேருந்து எனக்குப் போன் பண்ணுதாருன்னு இவ நம்புதா. எல்லாம் நான் அளந்து விடுததுதான்.”

“அதை என் பேரைச் சொல்லி அளந்தா என்னவாம்?”

“அளந்து பார்த்தேனே. முட்டை பூனைக்குப் போச்சு.”



சாயங்காலம் ஸ்வீட்டி வந்து செருப்பைக் கழற்றினாள். இன்னாசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கோச் போன் பண்ணாருட்டி. தினம் பத்து நிமிஷம் அப்பாகூட உக்காந்து பேசணுமாம்.”

தோள் பையைக்கூட இறக்காமல் எதிரே வந்து உட்கார்ந்தாள் ஸ்வீட்டி.