வாரம் ஒரே ஒருவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு வசுமதி இரண்டாவது வாரமும் கோவிட் பரிசோதனைக்கு மூக்கைக் கொடுத்தாள். தொற்று இல்லை என்று காட்டியும் அவள் அம்மா இருக்கும் தானா ராத்தா ஊர் முதியோர் இல்லத்தில் உள்ளே விடவில்லை.

"வாரத்துக்கு ஒரே ஆளாம்க்கா. அம்மாவே வேற யாரையோ வரச் சொல்லியிருக்காங்களாம். யாருன்னு நர்ஸ் சொல்ல மாட்டேங்குதுலா" என்று என்னிடம் அழுதாள்.

"உங்க அண்ணி ருக்குமணியா இருக்குமோ?" என்றேன், சும்மாதான்.

ருக்குமணி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குழாயடிக்கு நேராகப் போனாள். நானும் குடத்தோடு பின்னால் போனேன்.

"பெத்த மக நான் இருக்கேன். நீங்க எதுக்கு அண்ணி முந்திக்கிறீங்க?"

"உங்கம்மாவுக்காக நான் மூக்கைக் குடுப்பேனா? எங்கம்மாவுக்கே குடுக்கல."

அப்புறம் குடங்கள் பறந்தன. என் குடம் நிரம்பி வழிந்தது, நான் நகரவில்லை.

அடுத்த ஞாயிறு, போன இரண்டு வாரங்களைப் போலவே மூக்கைக் கொடுத்துவிட்டு, இல்லத்தின் பிளாஸ்டிக் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வசுமதியின் அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மக வந்தா மருந்து போட்டியா, மருந்து போட்டியான்னே உசுர எடுப்பா. நீ சொல்லுலா, லயத்துல இந்த வாரம் யார் வீட்டுச் சண்டை?"

"உங்க வீட்டுதுதான் பெரியம்மா" என்று ஆரம்பித்தேன்.