புளி போட்ட பீர்

பீர் காய்ச்சுகிற பட்டறையில் ஒரு பீப்பாய் இருந்தது. இந்தத் தடவையும் பீர் கெட்டுப்போனால் அதை அறுத்துப் பூந்தொட்டி ஆக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். "நல்லா புளிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். உடனே அங்கே கிடந்த அகப்பை, அகப்பட்ட புளியையெல்லாம் கரைத்து ஊற்றிவிட்டது.

"கூறுகெட்டவனே! தானாப் புளிக்கிறதுக்குப் புளி எதுக்குடா?" என்று பீப்பாய் அலறியது. வயிற்றில் இருப்பது பீரா, ரசமா?

பத்தாம் நாள் முதலாளி குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் குடித்தார்.

"அடடா! இனிமே இதேதான்!"

"எல்லாம் யோசிச்சுப் பண்ணினது" என்று அகப்பை நிமிர்ந்து நின்றது.

யோசித்ததா? எப்போது? பீப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

முதலாளி நகர்ந்ததும் அகப்பை அதன் காதைக் கடித்தது: "அண்ணே, அன்னைக்கு எவ்வளவு போட்டேன்?"