மிஸ்டர் ஜன்னல்

வீட்டைச் சோதிக்கும் ஆய்வாளர் உள்ளே வந்ததும் முதலில் கூரையைப் பார்த்தார்.

நான் படுக்கையறையில் முட்டிபோட்டு உட்கார்ந்து ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்ததால் கூடமும் சமையலறையும் தெரிந்தன.

அவர் பெயர் பர்டெட். நரைத்த மீசை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கிளீவ்லாந்தில் இரண்டு நாளாக விடாமல் பனி. அவர் கால் வைத்த இடமெல்லாம் அது உருகிக் குட்டையாக நின்றது. காலையிலிருந்து தரையைத் துடைத்துத் துடைத்து வைத்த ரெனீட்டா அதையும் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தாலும் சிரித்திருப்பாள்.

வாடகை வவுச்சருக்கு ஆறு வருடம் வரிசையில் காத்திருந்தவள். அது நிலைத்துவிட்டால் வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டும். ஆனால் வவுச்சர் என்ற சொல் காதில் விழுந்ததுமே போனை வைத்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம். கடைசியில், குடியிருக்கிற வீட்டுக்கே கிடைக்கட்டும் என்று இதன் சொந்தக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். இனி வீடு சோதனையில் தேற வேண்டும். இன்று தேறாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வவுச்சர் காலாவதி. மறுபடியும் வரிசையின் வால்.

விண்ணப்பத்தில் இரண்டு பேர். ரெனீட்டா, ஐந்து வயது நியா.

பர்டெட் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு அணைத்தார். புகை மணியை அழுத்தி அலற வைத்தார். குழாயில் வெந்நீர் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் வந்து ஜன்னலைத் தூக்கி இறக்கினார். கொக்கி ஒழுங்காக விழுந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நியா கதவோரமாக வந்து நின்றாள். என்ன, உனக்கு விளையாட ஆள் கிடைச்சாச்சா என்று அவர் அவளைச் சீண்டினார்.

"அவரு மிஸ்டர் ஜன்னல். எனக்கு அவரைத் தெரியவே தெரியாது."

கேட்காததற்கும் பதில் சொல்கிற வயது. ரெனீட்டா அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியாக அடுப்பு. நான்கு பர்னரும் எரிய வேண்டும். மூன்று எரிந்தன. பின்னால் இடது பக்கம் இருந்தது மட்டும் டிக் டிக் என்றதே தவிர பற்றவில்லை. ரெனீட்டா திரும்பத் திரும்பத் திருப்பினாள். கேஸ் வாடை வர ஆரம்பித்தது. பர்டெட் பேனாவைத் திறந்தார்.

"அமுக்கிக்கிட்டே திருப்பணும்," என்று நான் இங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டேன்.

பர்னர் பற்றிக்கொண்டது. பர்டெட் திரும்பி என்னைப் பார்த்தார்.

இந்த மாதிரி அடுப்பு எல்லாமே இப்படித்தான் என்று முணுமுணுத்துவிட்டு, ஏற்கெனவே முடுக்கிய திருகாணியையே மறுபடி முடுக்கினேன். வாய் என்னிடம் என்றைக்கு அடங்கியிருக்கிறது?

அவர் தரையில் கிடந்த ஈரத் தடங்களை வாசல்வரை பார்த்தார். எல்லாம் அவருடையவை. வாசலோர ஆணிகளைப் பார்த்தார். ஒரு பெண்ணின் கோட்டு, ஒரு குழந்தையின் கோட்டு. பிறகு என் பூட்ஸைப் பார்த்தார். அது சுத்தமாகக் காய்ந்திருந்தது.

வீடு பாஸ் என்றார் ரெனீட்டாவிடம். கதவைத் திறந்தவர் ஒரு நிமிடம் நின்றார்.

"தம்பி, வெளிய பனி கொட்டுது. கோட்டை எங்கயாவது விட்டிருந்தா எடுத்துப் போட்டுக்க."

அவருடைய பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது. ரெனீட்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நியா ஓடிவந்து என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, குனியச் சொல்லி, காதுக்குள் கேட்டாள்.

"இப்ப அப்பான்னு கூப்பிடலாமா?"

ஒரு வாரமாக அவளைப் பழக்கியிருந்தோம். சின்ன வயதில் ஜெயிலுக்குப் போய்வந்தவன் நான். விண்ணப்பத்தில் என் பெயரைச் சேர்த்தால் ரெனீட்டாவின் பெயரையும் சேர்த்து அடித்துவிடுவார்கள் என்று தெருவே சொன்னது. அதனால் என் கோட்டு, சட்டை, தொப்பி, சவரக் கத்தி எல்லாம் நேற்றே எதிர்வீட்டு மிஸ் வெர்லினிடம் போய்விட்டன. தினமும் அந்த இடது பக்க பர்னரில் மூவருக்கும் முட்டை பொரிக்கிற வாணலிகூடப் போய்விட்டது. ஒரு சாக்ஸ் விடாமல் பொறுக்கியெடுத்த எனக்கு, வெளியிலிருந்து வருகிறவன் கோட்டோடு வருவான் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பர்டெட்டின் கார் கீழேயே நின்றது. உள்ளே விளக்கைப் போட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தும் அவர் எழுதாமல் விட்டாலும், அடுத்த சோதனைக்கு வேறு யாராவது வருவார்கள். அதற்கடுத்த முறையும் வருவார்கள்.

இன்னும் இல்லை கண்ணு என்று அவளிடம் சொன்னேன். வேலை முடிந்த ஆள் வெளியே போனால்தான் சரியாக இருக்கும். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கோட்டு இல்லாமலே படியிறங்கினேன்.

பாதிப் படியில் மேலேயிருந்து நியாவின் குரல் கேட்டது. தெருவுக்கே கேட்கும்படி, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள்.

"தேங்க்ஸ், மிஸ்டர் ஜன்னல்."

ஒரு பிசகும் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.