மூன்று புள்ளிகள் இருந்த இடம்

புகழேந்தி எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி, காபி கலந்து, நின்றபடியே குடித்தான். குளித்தான். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். விழுப்புரம் ஸ்டேஷனில் சென்னைப் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறினான்.

ஆர்த்தி ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாள்.

திண்டிவனத்தில் இருவருக்கும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகம். அது பகலில். மற்ற நேரத்தில் ஆர்த்தி ஒரு கதைச் செயலியில், வயது வந்தவர்களுக்கான பகுதிக்கு எடிட்டர். மனைவி சன்மதி இறந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை, "தமிழ் எம்.ஏ. படிச்சவன்தானே, சூடா ஒரு தொடர் எழுதிக் குடு" என்று அதில் இழுத்துவிட்டவளும் அவள்தான்.

அந்தத் தொடரை எழுதத் தொடங்கிய பிறகுதான் அவன் காலையில் எழுந்திருக்கிறான்.

"இன்னிக்கும் ஒழுங்கா வரலன்னா தொடர நிறுத்திடுவேன் புகழு. திண்டிவனம் வர்றதுக்குள்ள திருத்திக் குடு," என்றாள் ஆர்த்தி, அவனுடைய அத்தியாயத்தைச் செல்போனில் திறந்தபடி.

வண்டி முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டாள்.

"கொவ்வை, மாதுளை, மாங்கனி. இது பெட்ரூமா, உழவர் சந்தையா? உதட்ட உதடுன்னு எழுது."

திருத்தினான்.

"'ஆடை களைந்தான்' வேணாம். ஊக்கு கழண்டுதுன்னு போடு. படிக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

திருத்தினான்.

"வரிக்கு வரி ஆச்சரியக்குறி வேற. உன் ஆளு இன்னா, பொண்ணையே பாத்ததில்லையா?"

எதிர் சீட்டில் கூடையை மடியில் வைத்திருந்த பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"சத்தமா படிம்மா. நான் பேரணி ஸ்டேஷன்ல எறங்கணும். ஜல்தி."

ஆர்த்தி சத்தமாகப் படித்தாள். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கம் திருப்புவதை நிறுத்தினார்.

புகழேந்திக்குக் காது சூடானது. அவன் உடம்பில் ஏதாவது சூடாகி ரொம்ப நாளாகியிருந்தது.

பாதியில் ஆர்த்தி நிமிர்ந்தாள்.

"அது சரி, உன் கதைல எல்லாரும் பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்ட்டுடறாங்களே, ஏன்?"

"ராத்திரி நீளமா கெடைக்கும்," என்றான்.

சீட்டே சிரித்தது. பேப்பர்க்காரரும்தான்.

அவன் சொன்னது உண்மை. சன்மதி ஜைன வீட்டுப் பெண். இருட்டிய பிறகு ஒரு வாய் சாப்பிட மாட்டாள். அவர்களுடைய வாடகை வீட்டில் விளக்கு போடுவதற்கு முன்பே பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். அதற்கு மேல் இருவருக்கும் வேறு வேலை கிடையாது.

"நீளமா கெடச்சும் இன்னா பிரயோஜனம்? அவ வாயத் தொறக்கற எடம் வந்தா மூணு புள்ளி வச்சிட்டு ஓடிடற. அவ இன்னா ஊமையா? ஒரு வரி பேச வை."

அதுதான் அவனால் முடியவில்லை. முதுகை எழுத முடிந்தது. முழங்காலை எழுத முடிந்தது. பேசினால் அவள் சன்மதியின் குரலில் பேசிவிடுவாள். அதனால் அந்த இடம் வரும்போதெல்லாம் புள்ளி வைத்தான்.

விக்கிரவாண்டி வந்து போனது.

பேரணி நெருங்கியது. பெண்மணி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"எழுதுப்பா. ஸ்டேஷன் வந்துருச்சி."

மூன்று புள்ளிகளையும் அழித்தான். ஒரு வரி தட்டினான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆர்த்தி படித்தாள். இந்த முறை மனதுக்குள். பிறகு செல்போனை அந்தப் பெண்மணியிடம் நீட்டினாள்.

"அடிப் பாவி," என்று அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள். வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் அவளுடைய தோள் குலுங்குவது தெரிந்தது.

"இதுல ஒரு கமாவக்கூட தொட மாட்டேன்," என்றாள் ஆர்த்தி. கதையைப் பதிவேற்றினாள். "எங்கருந்துடா புடிச்ச?"

புகழேந்தி சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு வலித்தது. கண்ணில் நீர் வந்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

கடைசியாக சன்மதியின் உதட்டில் ஜைனர்கள் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரம் இருந்தது என்று மாமனார் வர்த்தமானன் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அதில் அவருக்கு ஓர் ஆறுதல். புகழேந்தி மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் அவர் அப்போது அறையில் இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட, மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போயிருந்தார்.

கட்டிலில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, அவள் கடைசியாகச் சொன்னதைத்தான் அவன் அப்படியே தட்டியிருந்தான்:

"கதவ சாத்திக்கினு ஜல்தி வாடா. எங்கப்பா கை கழுவிக்கினு வர்றதுக்குள்ள ஒரு தடவ ஒழுங்கா கட்டிப் புடி, சட்ட கசங்குனா கசங்கட்டும்."